கச்சான் எழும்புமுன் திரும்பாதவர்கள்

போன கிழமை என் கைபேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. இரண்டு பேர் அலைச்சறுக்குப் பலகைகளை மணலில் ஊன்றிப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டி நிற்கிறார்கள். ஒருவன் கனடாவில் இருக்கிற என் பள்ளித் தோழன். மற்றவன் நான். படத்துக்குக் கீழே அவன் எழுதியிருக்கிறான்: "ஒரு மனிதரும் இல்லாத தீவு. நாங்களும் அலையும் மட்டும்." அதற்கும் கீழே, எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் கொடுத்துவைத்தவன் என்று அவனைப் புகழ்ந்திருந்தார்கள்.

ஒரு மனிதரும் இல்லையாம். அப்படியென்றால் படத்தை எடுத்தது யார், நண்டா? எடுத்தவர் என் சகலன், என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, அந்த விலைகூடிய கைபேசி விழுந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் எடுத்த படம் அது. எங்களால் அந்த மனிதர் இழந்ததை நான் இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. அந்த வரியைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

நான் பிறந்தது தன்னாமுனையில். கல்யாணம் கட்டி மாங்கேணிக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறவன். அக்காவும் தங்கையும் ஒரே வளவில் அடுத்தடுத்த வீட்டில் இருப்பார்கள். அதனால் எனக்கும் சகலனுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம்தான். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணன் என்பேன், அவர் தம்பி என்பார். அவருக்குக் கடல் தொழில். எனக்கு நில அளவை வேலை. அந்த வேலையில் மூன்று வருடம் பொத்துவில் பக்கம் கிடந்தபோதுதான் அறுகம்பேயில் அலைச்சறுக்குப் பழகினேன். ஊருக்குப் போன வெள்ளைக்காரன் ஒருவன் விட்டுப்போன பழைய பலகையை இரண்டு இடத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். சகலனுக்கு அது ஒரு தீராத வேடிக்கை. மீனும் பிடிக்காமல், அக்கரைக்கும் போகாமல், கடலுக்குள் போய்ப் போய்த் திரும்பக் கரையிலேயே வந்து விழுகிறானே, இவனுக்கு என்ன கேடு என்று என் மனைவியிடம் கேட்பார்.

அவருடைய தொழில் கரைவலை, போட்டில் போய் வலையைக் கடலில் வளைத்துப் போட்டு, கரையில் நின்று கயிற்றால் இழுக்கிறது. எங்கள் கரையில் அடியில் கல் இல்லாத, வலை கிழியாத துண்டு ஒன்றுதான் உண்டு. அதைப் பாடு என்போம். அந்த ஒரு பாட்டுக்கு ஏழு வலைக்காரர்கள். நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்து வளைப்பார்கள். முறைக்காரர் கிழக்கு வெளுக்கும்போது தன் போட்டோடும் வலையோடும் கரையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த முறைக்காரர் வலையை ஏற்றிவிடுவார். காய்ச்சல் என்றாலும் சரி, செத்த வீடு என்றாலும் சரி, கேட்டுக் கேள்வியில்லை. முறையை மாற்றுவதும் இல்லை, கடன் கொடுப்பதும் இல்லை. ஒருகாலத்தில் மண்டை உடைபட்டு, அதன் பிறகு பெரியவர்கள் கூடி வைத்த ஒழுங்கு அது. அதனால்தான் இன்றைக்கும் அந்தக் கரையில் ஏழு பேரும் முகம் பார்த்துப் பேசுகிறார்கள்.

அந்த வருடம் சகலனுக்கு நல்ல முறை ஒன்றுகூட வாய்க்கவில்லை. ஒருமுறை வலை நிறையச் சொறி, அந்த அரிக்கிற இழுதுமீன். இன்னொரு முறை நீரோட்டம் இழுத்து வலை முறுக்கிக்கொண்டது. அவரை நம்பிக் கயிறு இழுக்க வருகிற இருபது வீட்டுக்காரர்களும் வெறுங்கையோடு போனார்கள். இரண்டு பேர் அவரை விட்டு வேறு வலைக்குப் போகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அப்படி இருக்கும்போதுதான் ஆனி மாதம் கீரி மீன் கூட்டம் ஒன்று வந்து கரையோடு ஒட்டி நின்றது. மூன்று நாளாக வளைத்தவர்கள் எல்லாரும் மீன் சேருகிற வலை மடியைத் தூக்க முடியாமல் ஆள் கூப்பிட்டார்கள். சகலனின் முறை ஞாயிற்றுக்கிழமை. ஐந்து நாளாக வலை மடியைப் பிரித்துக் கிழிசல்களைப் பொத்திக்கொண்டிருந்தார். அக்கா மூன்று வெள்ளி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தா.

அந்த வாரம் பார்த்துத்தான் கனடாக்காரனும் வந்தான். பதினைந்து வருடத்துக்குப் பிறகு. நல்லவன்தான், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எதையும் திரையில் பார்த்த பிறகுதான் நம்புவான். எங்கள் கடலில், கரையிலிருந்து கண்ணுக்கு எட்டாத தூரத்தில், திட்டு என்று நாங்கள் சொல்கிற கல்லும் மணலுமான இரண்டு சிறு தீவுகள் இருக்கின்றன. அதில் ஒன்றை அவன் செய்மதிப் படத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தான். அதன் கிழக்கு மூலையில் வெள்ளையாகத் தெரிகிற கோட்டைக் காட்டி, இது உலகத் தரமான அலை மச்சான், இதை ஒருத்தனும் இன்னும் தொடவில்லை என்றான். சனிக்கிழமை ஒரு நாள்தான் அவனுக்கு இருந்தது. ஏறாவூரில் புடவைக்கடை வைத்திருக்கிற இன்னொரு தோழனும் வருகிறேன் என்றான். அவன் அலைக்குள் இறங்குகிற ஆள் இல்லை. தூண்டில் போடவும் சமைக்கவும் வருகிறவன்.

நான் போய்ச் சகலனைக் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. போகிற நாளுக்கு மறுநாள் முறை இருக்கிற மனிதரிடம், வலை வளைக்கிற அதே போட்டைக் கேட்கிறேன். சகலன் உறவில் ஒருவர் வாய்விட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்வது எங்களிடம் வழக்கமில்லை, அது எனக்கும் தெரியும். அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"கச்சான் எழும்பமுன்ன வந்திரணும் தம்பி. ஒன்பது மணிக்கு நான் துடுப்பைத் தூக்குவன். தூக்கினா எல்லாரும் போட்டுக்குள்ள."

கச்சான் எங்கள் மேல்காற்று. அந்த மாதங்களில் காலையில் சோம்பலாகத் தொடங்கி, பத்து மணிக்குப் பிறகு அடுப்பு வாயைத் திறந்தமாதிரி தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். வெளியே போகிற போட்டைத் தள்ளிவிடும். திரும்பி வருகிற சின்னப் போட்டை விடாது. அலைச்சறுக்குகிறவனுக்கோ அதைவிட நல்ல காற்று இல்லை. எதிரே நின்று அலையை உடையாமல் தாங்கிப் பிடிக்கும். இது இரண்டும் எனக்குத் தெரியும். நான் பொறுப்பு அண்ணன் என்று, அக்காவும் என் மனைவியும் கேட்டுக்கொண்டிருக்கச் சொன்னேன்.

சனிக்கிழமை இருள் பிரியும்போதே புறப்பட்டோம். கடல் எண்ணெய் ஊற்றினமாதிரி கிடந்தது. சூரியன் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் திட்டில் ஏறினோம். ஆளில்லாத் தீவு என்று கனடாக்காரன் இரண்டு கையையும் விரித்தான். அவன் காலடியில் மூன்று அடுப்புக்கல், கருகிப்போய், சாம்பலோடு. பக்கத்தில் யாரோ காயப்போட்டு மறந்த வலைத்துண்டு, நிழலுக்கு நட்ட இரண்டு கம்பு. எங்கள் ஆட்கள் காற்றுக்கு ஒதுங்குகிற இடம் அது. படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று அவன் அந்த அடுப்புக்கற்களைக் காலால் தள்ளி ஒதுக்கினான். ஏறாவூரான் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்து, அதில்தான் தேத்தண்ணிக்குக் கேத்தில் ஏற்றினான்.

அலை நன்றாக இருந்தது. அதிலே பொய் சொல்லக்கூடாது. கல்லைச் சுற்றி வளைந்து, ஒரே சீராக, ஆள் உயரத்துக்கு வந்து விழுந்தது. நானும் அவனும் பள்ளிக்கூடம் கட் அடித்த பிள்ளைகள்மாதிரி கூவிக்கொண்டு திரிந்தோம். இடையில் தண்ணீர் குடிக்கக் கரைக்கு வந்தபோது அவன் கைபேசியில் காற்றுக் கணக்கு ஒன்றைச் சகலனுக்குக் காட்டினான். பின்னேரம் வரைக்கும் பச்சைதான் காட்டுது அண்ணன், நல்ல காற்று என்றான். சகலன் குனிந்து மரியாதையாகப் பார்த்தார்.

"அது உங்களுக்கு நல்ல காத்து மனே. எனக்கு எதிர்க்காத்து."

அவன் சிரித்தான். சகலன் ஏதோ பகிடி விடுகிறார் என்று நினைத்திருப்பான். நான் அந்த இடத்திலேயே அவனைப் பிடித்து உட்காரவைத்து விளக்கியிருக்க வேண்டும். எனக்கு அடுத்த அலைக்கு அவசரம்.

ஒன்பது மணிக்குச் சகலன் துடுப்பைத் தூக்கினார். நான் கண்டேன். அவனும் கண்டான், கண்டு, கையைத் தூக்கிப் பெருவிரலைக் காட்டினான். அந்த நேரம்தான் கச்சானின் முதல் மூச்சு முகத்தில் பட்டது. அலையின் தலை சீப்பால் இழுத்ததுபோல் பின்னுக்குப் போய், முகம் கண்ணாடியாக நின்றது. காலையிலிருந்து வந்த அலைகள் எல்லாம் ஒத்திகை, இதுதான் கூத்து. "இன்னும் ஒண்டு மச்சான், ஒண்டே ஒண்டு" என்றான். வேண்டாம், அவருக்கு விடிய முறை என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, ஒன்று வந்தது. நானே அதை எடுத்தேன். எடுத்தது போதாதென்று, அது முடிந்த இடத்தில் கரைக்கு நடக்காமல் பலகையைத் திருப்பித் திரும்பவும் வெளியே வலித்துக்கொண்டு போனேன். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று எவனோ வயல்காரன் சொல்லிவைத்தான். அவன் ஒரு நாளும் எதிர்க்காற்றில் போட் ஓட்டியிருக்கமாட்டான்.

நான் கரையேறியபோது பத்து மணி ஆகிக்கொண்டிருந்தது. துடுப்பு இன்னும் உயரத்தான் நின்றது. சகலனுக்குக் கை உளைந்து, ஏறாவூரான் மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் என்னைப் பார்த்த பார்வையில் தோழமை ஒரு சொட்டும் இல்லை. கனடாக்காரன் இன்னும் மூன்று அலை எடுத்துவிட்டு, பத்தரைக்குப் பிறகு, வாழ்க்கையிலேயே சிறந்த நாள் என்று சொல்லிக்கொண்டு நடந்து வந்தான்.

போட்டைத் தள்ளினோம். திட்டின் மறைவை விட்டு வெளியே வந்ததும் காற்று எங்களைத் தூக்கிக் குத்தியது. போட்டின் முன்பக்க அணியம் எழும்பி எழும்பி விழுந்தது. தண்ணீர் வாளி வாளியாக உள்ளே வந்தது. ஏறாவூரான் வாய்க்குள் ஓதிக்கொண்டே இறைத்தான். எஞ்சின் அழுதது. அரை மணி நேரம் ஓடித் திரும்பிப் பார்த்தால் திட்டு பக்கத்திலேயே நிற்கிறது, எண்ணெய் மட்டும் பாதிக்கு வந்துவிட்டது. சகலன் கரைப்பக்கத்தை ஒருமுறை பார்த்தார். "கிறுகுவம்" என்று மட்டும் சொல்லி போட்டைத் திருப்பினார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பின்னேரம் காற்று விழும், விழுந்தால் இருட்டுமுன் போய்விடலாம் என்று காத்திருந்தோம். அப்போதுதான் ஏறாவூரான் என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போய் ஒரு விஷயம் சொன்னான். ஒன்பதரை மணிக்கே அவன் சகலனிடம் சொல்லியிருக்கிறான்: இவனுகள் கிடக்கட்டும், தண்ணி இரிக்கி, சோறு இரிக்கி, நீங்க போங்க, நாளைக்கு வலை இழுத்துப்போட்டு வந்து ஏத்துங்க. தானும் இவர்களோடு இருந்துகொள்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறான். அதற்குச் சகலன் சொன்ன பதிலை அவன் அப்படியே எனக்குச் சொன்னான்.

"கடலுக்குக் கூட்டி வந்த ஆக்களைக் கடலுக்குள்ள விட்டுப்போட்டு, மறுகா நான் எந்த முகத்தோட போட் இறக்குவன்?"

இதை நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன், அந்தப் பக்கம் கனடாக்காரன் திரும்பவும் பலகையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குகிறான். சும்மா இருந்து என்ன செய்ய மச்சான், எப்படியும் போக ஏலாதுதானே என்றான். தலையிலே மிளகாய் அரைத்தது மட்டுமில்லை, அரைத்த அம்மியையும் அங்கேயே கழுவினான். அன்று முழுக்கக் காற்று விழவில்லை. சகலன் போட்டின் நிழலில் குந்தியிருந்து காற்றுப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்து மணல் பொன்னிறமான நேரம், வெளிச்சம் அற்புதமாக இருக்கிறது, ஒரு படம் எடுத்துத் தாங்கோ அண்ணன் என்று கனடாக்காரன் கைபேசியைக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்தான்.

அதுதான் அந்தப் படம். முறை போகப்போகிறது என்று தெரிந்துவிட்ட மனிதர், எழும்பி வந்து, எங்களை வெளிச்சத்துக்குத் திரும்பி நிற்கச் சொல்லி எடுத்தது. பல்லைக் காட்டச் சொன்னான், நானும் காட்டினேன். இப்போது அந்தப் பல்லைப் பார்க்க எனக்கே அறையத் தோன்றுகிறது.

விடியப்போகும் நேரம்தான் காற்று ஓய்ந்தது. மிச்ச எண்ணெயில் புறப்பட்டோம். பாதி வழியிலேயே கிழக்கு வெளுத்தது. சகலன் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை, எஞ்சினைக் கூட்டவும் இல்லை. கூட்டினாலும் பிரயோசனம் இல்லை. கரை தெரிந்தபோது சூரியன் நன்றாக ஏறிவிட்டது. வலை வளைக்கிற பாட்டுக்கு நேரே கடலில் வலை மிதப்புகள் வளைந்து கிடந்தன. இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாகக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறைக்காரர் வளைத்துவிட்டார். அவரில் பிழையில்லை. வெளிச்சம் வருமட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றதாகவும், பிறகும் கொஞ்ச நேரம் பொறுத்ததாகவும் பின்னர் சொன்னார்கள். சகலனுக்காக வந்து காத்திருந்த இருபது பேரும் இப்போது அந்த அடுத்த முறைக்காரரின் கயிற்றில்தான் நின்றார்கள். சகலனின் வலை, ஐந்து நாள் பொத்திய மடியோடு, மணலில் ஓலைக்குக் கீழே உலர்ந்து கிடந்தது.

போட்டைக் கரைக்கு ஏற்றினோம். சகலன் வீட்டுக்குப் போகவில்லை, முகம்கூடக் கழுவவில்லை. நேரே நடந்து போய், கயிற்றின் வால் பக்கம், வயது போனவர்களும் பெண்களும் பிடிக்கிற இடத்தில் நின்று, மற்றவர்களின் அடிக்குத் தன் அடியைச் சேர்த்து இழுக்கத் தொடங்கினார். எங்கள் கரையில் கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும் கறிக்கு மீன் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அன்று மடி கரைக்கு வந்தபோது அது வயிறு பருத்துக் கிடந்தது. அந்தக் கீரிக் கூட்டம் நின்ற கடைசி நாள் அது. திங்கட்கிழமை வளைத்தவருக்கு ஒன்றும் இல்லை, கீரி வெளியே போய்விட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். இதில் தாழி தானாக உடையவில்லை, நாங்கள் உடைத்தோம்.

கறிக்குக் கிடைத்த மீனைச் சகலன் ஒரு வாளியில் கொண்டுவந்து, விருந்தாளி போகமுன்ன சோறு போடணும் என்று எங்கள் குசினி வாசலில் வைத்துவிட்டுப் போனார். என் மனைவி அந்த வாளியையும் என்னையும் பார்த்தாள். அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. அக்காதான் வந்து மீனை வெட்டி, பால் விட்டு ஒரு கறியும் பொரியலும் செய்தா. ஏறாவூரான் கடை திறக்கவேண்டும் என்று சாப்பிடாமலே போய்விட்டான். போகும்போது சகலனின் கையைப் பிடித்து ஏதோ சொன்னான். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கனடாக்காரன் சப்பணம் கட்டி உட்கார்ந்து, விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டான். இப்படி மீன் கனடாவில் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்றான். எனக்கு அதுக்கு மேல் தாங்கவில்லை. இது யாருடைய மீன் என்று தெரியுமா என்று தொடங்கி, முறையையும் வலையையும் இருபது வீட்டையும் அவன் தலையில் கொட்டினேன். அவன் கையை நிறுத்திக் கேட்டான். அவனுக்கு உண்மையில் கவலையாகத்தான் இருந்தது. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, அது பிழையான ஒழுங்கு மச்சான், முன்கூட்டியே சொல்லி மாற்றிக்கொள்கிற மாதிரி வைக்க வேணும், இதுக்கெல்லாம் இப்ப ஆப் இருக்கு என்றான்.

நான் எழும்பிவிட்டேன். என்ன கத்தினேன் என்று இப்போது முழுதாக ஞாபகமில்லை. துடுப்பைக் கண்டும் காணாதமாதிரி நின்றவன், மற்றவனின் சோற்றில் மண் அள்ளிப் போட்டவன், இதெல்லாம் வந்தது. முருங்கை மரத்துக்கு அப்பால் சகலன் வலையை மடித்துக்கொண்டிருந்தார், அவருக்கும் கேட்டிருக்கும். கனடாக்காரன் சோற்றுக் கையோடு தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அக்கா கறிச்சட்டியோடு குசினிக்குள்ளிருந்து வந்தா. அவ குரல் உயரவில்லை.

"ஏன் தம்பி அவரோட சத்தம் போடுறீங்க? அவர் விருந்துக்கு வந்தவர், கச்சான் தெரியாது, முறை தெரியாது. உங்களுக்கு எல்லாம் தெரியும்தானே."

"இரிங்க, சாப்பிடுங்க" என்று சொல்லி, குனிந்து, என் சோற்றுக் கோப்பையில் இன்னும் இரண்டு கீரி மீனை வைத்தா. நான் உட்கார்ந்து, அவ பார்த்துக்கொண்டு நிற்க, முள்ளு மிச்சமாகத் தின்று முடித்தேன்.